மஞ்சள் தீர்ந்துபோன படம்

கேப் கோஸ்ட்,
திங்கட்கிழமை

என் சாயக்கை எபோவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நீ பதில் போட்டுவிட்டால் நான் ஊரை விட்டே ஓடவேண்டியிருக்கும், அதனால் கேட்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்.

நீ போய் நேற்றோடு வருஷம் முடிந்தது. கறுப்பைக் கழற்றிவிட்டு, முறைப்படி வெள்ளை உடுத்தி, சர்ச்சில் நன்றி சொல்லிவிட்டு வந்தேன், பின்னாலேயே மொத்தச் சர்ச்சும் சாப்பிட வந்தது, வந்ததுகள் சாப்பிட்டுவிட்டுப் போகாமல் சுவரில் நீ வரைந்த படத்தைப் பிடித்துக்கொண்டன. அதுதான், பெஞ்சில் ஒருத்தி வெள்ளைத் துணியோடு தனியாக உட்கார்ந்திருப்பாளே, அது. மீன் வறுக்கிற அட்வோவா தொடங்கினாள். “பிள்ளை பெத்தவதான் இப்படி வெள்ளை கட்டுவா. எகுவா, யாருடி இவ? எபோவுக்கு வெளியில ஏதும்...” பெரிய மீனாகப் பார்த்து அவள் தட்டில் போட்டேன், வாய் மூடிக்கொண்டது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த கிழவர் விடவில்லை. “வழக்குல ஜெயிச்சவளும் வெள்ளைதாம்மா கட்டுவா. இவ ஜெயிச்சவ, பாருங்க.” “ஜெயிச்சவ மூஞ்சியா இது?” என்றாள் அட்வோவா, மீன் முள்ளைத் துப்பிவிட்டு. டிராயிங் வாத்தியார் சோளக் கென்கே உருண்டையை மென்றுகொண்டே, “பின்னாடி நீலம், நடுவுல வெள்ளை. இது தனிமைங்க” என்றார்.

அப்போதுதான் உன் தங்கை மான்சா தட்டைக் கீழே வைத்தாள். “யாருக்கும் கண்ணில்லையா? வருஷம் முடிஞ்ச விதவை இவ! தான் போகப்போறது அண்ணனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!” அவ்வளவுதான், ஒப்பாரி தொடங்கிவிட்டது, பாதிரியார் சூப்புக் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தார்.

நான் மேஜையில் ஓங்கித் தட்டினேன். “நிறுத்துங்க! அது நான்தான். வரைஞ்ச அன்னிக்கு நான் கட்டியிருந்தது மஞ்சள் துணி. இந்த மனுஷன் இருந்த மஞ்சளையெல்லாம் மீன் லாரிக்குப் பூசித் தீர்த்துட்டாரு, மிச்சம் வெள்ளைதான் இருந்துச்சு, அவரே சொன்னாரு. மூஞ்சி அப்படி இருக்கிறதுக்குக் காரணம் எனக்குப் பல்வலி!”

எல்லோரும் சிரித்துவிட்டுத் திரும்பவும் சாப்பிட்டார்கள். வாத்தியாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “பல்வலியும் தனிமைதாங்க” என்று சொல்லிக்கொண்டே போனார்.

உனக்கு முன்னால் போன நம் ஆட்கள் எல்லோருக்கும் என் வணக்கம். உன் அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொல்.

உன்
எகுவா

பின்குறிப்பு: காலையில் வீட்டைத் துடைத்தேன். யாரோ சூப்புக் கையால் படத்தைத் தொட்டிருந்தார்கள். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்ததில் வெள்ளை கொஞ்சம் உரிந்துவந்தது. அடியில் மஞ்சள். இன்னும் இரண்டு மூன்று இடத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் மஞ்சள், என் துணியிலிருந்த குட்டிப் பறவைகள்கூட இருக்கின்றன. முழுக்க வரைந்து முடித்துவிட்டுத்தான் மேலே வெள்ளை பூசியிருக்கிறாய். நீ இதை வரைந்த அந்த வாரம்தான், “சும்மா இருமல், நீ எதுக்கு, நானே போய்க் காட்டிட்டு வரேன்” என்று என்னை விட்டுவிட்டுப் போனாய். எபோ, அன்றைக்கு டாக்டர் என்ன சொன்னார்?