மீனா, நானா?

"வீட்ல மீன் தொட்டி ஏதாவது இருக்கா?" என்று விரலில் இருந்த கட்டியைப் பார்த்துக்கொண்டே டாக்டர் கேட்டபோது தையல்காரர் யோசிக்கவே இல்லை.

"இல்லீங்க."

"இருந்தா நான் விட்டுருவேனா, டாக்டர்?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

பொய்யில்லை. தொட்டி மைத்துனன் வீட்டில் இருந்தது. "மீனா, நானா? முடிவா சொல்லுங்க" என்று போன வருஷம் மனைவி போட்ட சத்தத்தில், மீனா யாரென்று மாடி வீட்டுக்காரர்கள் விசாரித்தே விட்டார்கள். மறுநாள் தொட்டி அவள் தம்பி வீட்டுக்குக் குடிபோனது. தையல்காரர் ஞாயிறுதோறும் பட்டன் வாங்குகிற சாக்கில் போய் அதைக் கழுவிவிட்டு வந்தார்.

"ஊசி குத்தினதுதான், டாக்டர். தொழில்ல சகஜம்."

டாக்டர் நம்பிக் களிம்பு கொடுத்தார். விரலில் இருந்த கட்டி அசையவில்லை. மாத்திரை கொடுத்தார், கட்டி மணிக்கட்டு வரை குட்டி போட்டது. துளி சதையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வாரக்கணக்கில் வைத்திருந்தும் ஒன்றும் வளரவில்லை. இதற்குள் தையல்காரருக்குக் கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை. தைக்காத சீருடைகள் கடையில் மலையாகக் குவிந்தன.

"இப்படியே போனா விரலை எடுக்க வேண்டி வரலாம்," என்றார் டாக்டர்.

மனைவி மருந்து வாங்கப் போன சமயம் பார்த்துத் தையல்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒருத்தர்கிட்ட மீன் தொட்டி இருந்தா..."

"யார்கிட்ட?"

"தெரிஞ்சவர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மீன்லயும் தண்ணியிலயும் ஒரு கிருமி இருக்கு. காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். ஆமை மாதிரி வளரும். அதுவும் உடம்புச் சூடு ஆகாது, கொஞ்சம் குளுமையா வெச்சாத்தான் வளரும். உங்க தெரிஞ்சவர் முதல்லயே வாயைத் திறந்திருந்தா அந்தச் சதையைக் குளுமையிலயே வெச்சு வளர்த்திருப்போம்ல?"

"அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம், டாக்டர். வீட்டுக்குத் தெரியாம பாத்துக்குங்க."

மறுபடி வெட்டு, மறுபடி காத்திருப்பு. இந்த முறை வளர்ந்தது.

முடிவு கேட்க மனைவியும் வந்தாள். மைத்துனன்தான் வண்டி ஓட்டி வந்தான். டாக்டருக்கு இருந்த சந்தோஷத்தில் ரகசியமெல்லாம் மறந்துபோயிற்று.

"விரல் தப்பிச்சுது. மாசக்கணக்கில மாத்திரை சாப்பிடணும். மீன் தொட்டியில கையை விடவே கூடாது."

தையல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "உன் தம்பி வீட்லதான்... ஞாயித்துக்கிழமை..." என்றார்.

மனைவி கத்தவில்லை. கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கதவோரம் நின்ற மைத்துனன் பெருமூச்சு விட்டான். "அப்பாடா. இனிமே மாமாவுக்கு ஞாயிறு, அக்காவுக்குப் புதன்னு பிரிச்சுவிட வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்தே வந்து அந்த மீன்களைக் கொஞ்சிட்டுப் போங்க."