மாப்பிள்ளையைக் கொன்ற பழைய பதிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலம்பாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: பாலாஜி, அதாவது என் அக்கா செல்விக்குப் பேசி முடித்து, நிச்சயத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அவருடைய நண்பர்கள் ரமேஷும் அனிதாவும், அப்புறம் நான். வராதவன் ஸ்டீபன். சொந்தக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து என்று போய்விட்டான். அவன் வந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

மேசையில் உட்கார்ந்தபடி ஆடுகிற கற்பனை ஆட்டம் அது. ஒருவர் கதை சொல்வார் (ரமேஷ்). மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம்: வீரன், திருடன், மந்திரவாதி, பூசாரி. குகை, பூதம், புதையல் என்று கதை போகும். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அடிபட்டவர்களைப் பிரார்த்தனை சொல்லிப் பிழைக்கவைப்பது பூசாரியின் வேலை. ஸ்டீபன்தான் நிரந்தரப் பூசாரி. காதுகுத்துப் பத்திரிகை வந்த அன்றே பாலாஜி எனக்கு போன் செய்துவிட்டார்.

“மச்சான், ஒரு பூசாரி குறையுது. வர்றீங்களா?”

அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். “போய்ட்டு வாடா. அவங்க படிச்சவங்க. நம்ம வூட்லயும் ஒர்த்தன் படிச்சிகீறான்னு தெரியட்டும். ஏடாகூடமா எதனா பண்ணி அக்கா கல்யாணத்த கெடுத்துடாத” என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடிக்கும்வரை புதுப் புத்தகம் ஒன்றுகூட வாங்கியதில்லை. எல்லாம் சீனியர்களிடம் பாதி விலைக்கு வாங்கிய பழைய பதிப்பு. உள்ளே எல்லாம் ஒன்றுதானே! அதே நம்பிக்கையில் இந்த ஆட்டத்தின் விதிப் புத்தகத்தையும் அட்டை கிழிந்த பழைய பதிப்பாகத் தேடிப் பிடித்தேன். அரசாங்கப் பரீட்சைக்குப் படிப்பதுபோலச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு உருப்போட்டேன்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான்: பதிப்புக்குப் பதிப்பு பூசாரியின் ஜாதகமே மாறியிருந்தது. முதலில் எழுதியவர்கள் பூசாரியை நம்பவே இல்லை. புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கையில் ஒரு கதாயுதம் மட்டும், பிரார்த்தனை கிடையாது. நாலு பூதத்தை அடித்து அனுபவம் சேர்த்தால்தான் முதல் பிரார்த்தனை. (எங்கள் கம்பெனியில் டிரெய்னிக்கு ஐ.டி. கார்டைக் கொடுத்துவிட்டு லாகின் கொடுக்காமல் உட்காரவைப்பார்களே, அதே கதை.) நடுவில் வந்த பதிப்பில் பிரார்த்தனை கிடைத்தது. ஆனால் ஆட்டம் முழுக்க அடுத்தவனுக்குக் கட்டுப்போடவே நேரம் சரியாக இருந்ததால், பூசாரியாக வர ஆள் கிடைக்கவில்லை. அதனால் புதிய பதிப்பில் வாரி வழங்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொன்னால் விழுந்தவன் எழுந்துவிடுவான். அதே மூச்சில் பூசாரி பூதத்தையும் ஒரு போடு போடலாம்.

வந்ததும் எல்லோருடைய போனையும் சைலன்ட்டில் போட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தார்கள். அது அந்த மேசையின் சட்டம். மதியம்வரை நன்றாகவே போனது. சாப்பாட்டுக்குப் பிறகு, பாலாஜி மூன்று வருடமாக வளர்த்து வந்த வீரன் ஒரு பூதத்திடம் அடிவாங்கி விழுந்தான். உயிர் சைபர்.

“எழுப்புங்க மச்சான்” என்றார் சாவகாசமாக.

“என்கிட்ட பிரார்த்தனை இல்லையே மாமா.”

“தீந்துடுச்சா?”

“இன்னும் குடுக்கவே இல்ல. நான் புதுப் பூசாரி.”

அனிதா என் தாளை எட்டிப் பார்த்தாள். “ஐயோ, இது எந்தக் காலத்துப் பூசாரி?”

ரமேஷ் நல்லவர். “பரவால்ல பாஸ், புது புக்குல இருக்கற மாதிரி ஒண்ணு சொல்லிடுங்க” என்றார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் நான் பரீட்சையில் பிட் அடிக்காதவன். “படிச்சதுக்கு மாறா செய்யக் கூடாதுங்க” என்று பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். புதிய பதிப்பில் சைபர் என்றால் மயக்கம். என் பதிப்பில் சைபர் என்றால் மரணம். அடிக்கோடிட்ட வரியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, “ஆகவே மாமா செத்துட்டார்” என்று தீர்ப்பும் சொன்னேன்.

ரமேஷ் பழைய பதிப்பில் ஆடி வளர்ந்தவராம். “அப்பல்லாம் சாவுன்னா சாவுதான்” என்று உருகி ஒப்புக்கொண்டுவிட்டார்.

பாலாஜி மூன்று வருடத் தாளை மெதுவாக மடித்தார். “பரவால்ல மச்சான்” என்றார். அந்தக் குரலில் அக்காவின் கல்யாணம் ஆட்டம் கண்டது எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் வேறு வேடத்துக்குத் தாள் எழுத உட்கார்ந்தார். நான் வயிற்றுவலி என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் அக்காவுக்கு போன் போட்டேன். “அக்கா, மாமா செத்துட்டாருக்கா. பக்கத்துலயேதான் இருந்தேன். என்னால காப்பாத்த முடியல...” அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. மீதியை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன்.

தாம்பரம் வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு லதா அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். “தம்பி, உங்க மாப்ள செத்துட்டாராமே!”

“ஐயையோ, எப்போக்கா? நான் பாக்கும்போது நல்லாத்தானே இருந்தாரு!” என்று அலறிவிட்டேன். (ஆம். நானேதான்.) திண்டாடி விஷயம் புரிந்து, அவர் வீட்டில் போனைச் சார்ஜில் போட்டதும் அக்காவின் அழைப்பு வந்தது. மிக அமைதியான குரல். “நேரா திருநீர்மலை கோயிலுக்கு வா. உனக்கு இருக்கு.”

நடந்ததைப் பிறகு அக்கா சொன்னாள். பாலாஜிக்கு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. போன்தான் டப்பாவில் இருக்கிறதே. அப்பா மார்க்கெட்டில் பெரிய ரோஜா மாலையாக வாங்கி, அம்மாவையும் அக்காவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோவிலம்பாக்கம் போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்தது பாலாஜி. கையில் பஜ்ஜி. அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் வந்து, “என்ன, மாலையெல்லாம்?” என்று கேட்டார்.

உள்ளே மேசையையும் பகடையையும் பார்த்ததுமே, செத்தது ஆட்டத்தில் என்று புரிந்துகொண்ட அக்காதான் சமாளித்தாள். “திருநீர்மலைக்குப் போறோம் அத்தை. வழியில உங்களையும் கூட்டிட்டுப் போலாம்னு...” தாம்பரத்திலிருந்து திருநீர்மலைக்குக் கோவிலம்பாக்கம் வழியாக எவனும் போகமாட்டான். அவர்கள் நாகரிகமானவர்கள், கேட்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நான் போனபோது மலையடிவாரத்தில் எல்லோரும் நின்றார்கள். டீச்சர் மாலைக்குக் கை நீட்டினார். அப்பா கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“வேணாம்மா. சாவுக்கு வாங்குன மாலைய பெருமாளுக்குப் போட்டா அடுக்காது.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஒக்காந்து ஆட்ற ஆட்டத்துல எப்பிட்றா சாவாங்க?”

நான் பதிப்புகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். “பேசாத” என்றாள் அக்கா.

டீச்சர் மகனைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். பிறகு பாலாஜியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கெடுத்தார். “உயிரோட இருக்கறவனுக்கு சாவு சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்வாங்க சம்பந்தி. நிச்சயத்துக்குச் சீக்கிரம் நாள் பாருங்க. வாசல்ல இந்தப் பொண்ணு சமாளிச்ச மாதிரி என்னாலகூட சமாளிச்சிருக்க முடியாது.” பாலாஜி எங்கோ பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமா எனக்குப் புதிய பதிப்பை வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் என்னைத்தான் வெளியே போகச் சொல்கிறார்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை ஆடக் கிளம்பினால் அப்பா போன் போட்டு, “இன்னா மாப்ள, மாலை சொல்லி வெச்சிடவா?” என்கிறார்.

அந்த மாலையை, யாருக்கும் போடாததுதானே என்று ஆட்டோக்காரர் கேட்டு வாங்கி வண்டிக்கு முன்னால் கட்டிக்கொண்டார். வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. மாலை அறுநூறு, சுற்றிய ஆட்டோ ஆயிரத்து இருநூறு. ஆக ஆயிரத்து எண்ணூறு ரூபாய். புதிய பதிப்பே அதைவிட மலிவு.