பறந்துபோன நீலச் சட்டை

“மாடியில கொடி மட்டும்தாங்க இருக்கு. உங்க நீலச் சட்டை பறந்துபோச்சு!” என்றாள் மனைவி.

போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. மருந்துக் கிடங்கின் உதவி மேலாளருடைய தலை அது. ராத்திரி முழுக்கப் புயல் ஆடித் தீர்த்ததில் கிடங்குச் சாலையில் மரங்கள் சாய்ந்து, இன்றைக்கு விடுமுறை. மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை என்று சபதம் செய்திருந்தார் மனிதர்.

“எந்த நீலம்?”

“உங்ககிட்ட இருக்கறதே ஒரு நீலம்தானே.”

போர்வையை உதறிவிட்டு எழுந்தார். நாளைக் காலை மேலாளர் பதவிக்கு நேர்காணல். அந்தச் சட்டையில்தான் முதல் வேலை கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனபோதுதான் இவள் சம்மதம் சொன்னாள். மேலாளர் பதவி ஏற்கெனவே இரண்டு தடவை கைநழுவிவிட்டது. இரண்டு தடவையும் வேறு சட்டை.

“வாங்க, நானும் வரேன். தேடறதுக்கு நாலு கண்ணா இருக்கும்.” அவள் தலை வாரி, பூட்டும் சாவியுமாக நின்றிருந்தாள்.

இந்த ஊருக்குக் குடிவந்து மூன்று வருஷம். அவருக்குத் தெரிந்தது வீடு, பஸ், கிடங்கு. எங்கேயாவது கூட்டிப்போகச் சொன்னால் “அடுத்த வாரம்” என்பார். மாமனார் வீட்டில் அவருக்குப் பட்டப்பெயரே அதுதான்.

அடுத்த தெருவிலேயே மர உச்சியில் நீலமாக ஏதோ ஆடியது. முட்டி மோதி ஏறினார். பிளாஸ்டிக் தாள். இறங்கும்போது பேன்ட் முழங்காலில் கிழிந்தது.

“காத்து தெற்கால அடிச்சுதுங்க. மணிக்கூண்டு மேல ஏறிப் பாத்தா ஊரே தெரியும்,” என்றாள்.

நூற்றுப்பத்துப் படி. மூச்சு வாங்க எட்டிப் பார்த்தால், ஆற்றுப் பாலத்தின் மேல் நீலச் சட்டை நடந்துபோய்க்கொண்டிருந்தது. தலைதெறிக்க ஓடிப் போய்ப் பிடித்தார். உள்ளே ஒரு ஆளும் இருந்தார்.

“கழட்டுங்க சார், அது என்னுது!”

“யோவ், இது என் மச்சினன் தைச்சுக் குடுத்ததுய்யா!”

கூட்டம் கூடிவிட்டது. கைகூப்பியபடியே பின்னால் நகர்ந்தவர், யாரோ இறக்கி வைத்திருந்த மீன்கூடையில் உட்கார்ந்தார்.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். “இந்த வாடையோட பஸ்ல ஏத்தமாட்டாங்க. ஏரியில படகுல போனா காத்தாட இருக்கும். சட்டை மிதக்குதான்னும் பாத்துக்கலாம்.”

மிதக்கத்தான் செய்தது. “அதோ!” என்று சாய்ந்தவர் தொபுக்கென்று உள்ளே போனார். படகோட்டி காலரைப் பிடித்துத் தூக்கியபோது அவர் கையில் இருந்தது யார் வீட்டுத் தலையணை உறையோ.

சாயங்காலம் கரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். மழை கழுவிவிட்ட ஊர் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் ஐஸ்கிரீமும் கையுமாக அவள், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! அவருக்கு வெட்கமாக இருந்தது.

“உன்னை நாலு சுவத்துக்குள்ளயே வெச்சுட்டேனே,” என்றார். “சட்டை போனா போகட்டும். பதவி வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். ஞாயித்துக்கிழமை மறுபடி வருவோம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சட்டையும் கிடைச்சுடுங்க,” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

இருட்டுவதற்குள் வீட்டுத் தெருவுக்குத் திரும்பினார்கள். முனையிலிருந்த சலவைக் கடைக்காரர் இவர்களைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

“அம்மா, காலையில நீங்க குடுத்த நீலச் சட்டையை அப்பவே தேச்சு வெச்சுட்டேன். நான் எழுதிக் குடுத்த மணிக்கூண்டு, பாலம், ஏரி, மூணையும் சார் சுத்திக் காட்டிட்டாரா?”