சேறு என்று ஒரு பொத்தான்

வண்டி கேட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் காதை மடக்கிக்கொள்கிற மாதிரி தானாக மடங்கிப் பார்த்தன. அப்படியும் ஒரு பக்கம் இரண்டு விரல் இடம்தான் மிச்சம், இன்னொரு பக்கம் அதுவும் இல்லை. உள்ளே இருந்த ஷோரூம்காரருக்குக் கதவைத் திறந்து இறங்க வழியில்லை. சீட்டுகளைத் தாண்டித் தாண்டிப் பின்கதவு வழியாக வந்தார். முதலில் டை வந்தது, பிறகு அவர் வந்தார்.

மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் இதைப் பார்த்துவிட்டு நுரையை அப்படியே விழுங்கினார்.

அவர் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. வாரத்தில் ஆறு நாள் ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றுகிறவர், ஏழாவது நாள் தான் மட்டும் பள்ளத்தில் இறங்குவார். அதற்கென்றே ஒரு ஜீப் வைத்திருந்தார். அதன் வயது இருபத்தாறு. மேலே துணிக் கூரை. கதவு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு பக்கம்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவரையும் சேர்த்து ஜீப் வைத்திருக்கும் ஏழு பேர் ஒன்றுசேர்ந்து ஊருக்கு வெளியே போவார்கள். செங்கல்லுக்கு மண் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட ஒரு பெரிய பள்ளம் அங்கே இருந்தது. சேற்றில் இறங்குவார்கள், ஏறுவார்கள், மறுபடியும் இறங்குவார்கள். எதற்கு என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும்.

"யாரு வரச் சொன்னது இதை?" என்று படியில் தடதடவென்று இறங்கி வந்தார் லிஃப்ட்காரர்.

"நான்தான்," என்றாள் மனைவி. "ஓட்டிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கறது. பாக்கறதுக்கு என்ன?"

"வீட்டுக்குள்ளயே வராத வண்டியை வீட்டுக்கு வாங்கறதா?"

"கேட்டை இடிச்சுக்கலாம்."

அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. அதை அவள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், இவர் மூன்று மாதமாகக் காதில் வாங்கவில்லை. அவள் கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருந்தாள். முடித்த படங்களை வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இருந்தது ஜீப் ஒன்றுதான். ஜீப் ஒரு குலுக்கு குலுக்கினால் கண்ணாடி சட்டத்தைப் பிரிந்து தனிக்குடித்தனம் போய்விடும். போன மாதம் ஒரு ஸ்கூல் தலைமையாசிரியைக்கு ஆள் உயரத்தில் செய்த படம் வாசலில் போய் இறங்கியபோது தூளாக இருந்தது. அந்த அம்மா படத்தில் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் நிறுத்த இடம் ஒரு வண்டிக்குத்தான். புதியது வந்தால் ஜீப் மாற்றுக்குப் போக வேண்டும். விஷயம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் கத்தல்.

லிஃப்ட்காரர் கத்தினார். வாசலில் நின்று, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். இதெல்லாம் ஒரு வண்டியா என்றார். மேட்டில் ஏற வேண்டிய வண்டிக்கு எதற்கு இந்தக் கனம் என்றார். யானைக்குக் கூட இதைவிட இடுப்பு சிறியதாம். முன்னால் இவ்வளவு உயரத்துக்கு மூக்கை வைத்துவிட்டு, மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததால் நாலு கேமரா வைத்திருக்கிறார்களாம். கண்ணைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி விற்கிறார்களாம். இந்த வண்டியை வாங்குகிறவன் எவனாவது தார் ரோட்டை விட்டு ஒரு முழம் இறங்கியிருக்கிறானா? மழைத் தண்ணீரில் சக்கரம் நனைந்தால் கர்ச்சீப்பை எடுத்துத் துடைக்கிறான். காய்கறி வாங்கப் போகிறவனுக்கு மலை ஏறுகிற வண்டி எதற்கு? மலை ஏறுகிறவன் இன்னும் பழைய ஜீப்பில்தான் ஏறிக்கொண்டிருக்கிறான்.

ஷோரூம்காரர் பணிவாகக் குறுக்கிட்டு, இதில் எல்லா நிலத்துக்கும் தனித்தனிப் பொத்தான் இருப்பதாகச் சொன்னார். மணலுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று.

"சேறுன்னு ஒரு பொத்தானா?" என்றார் லிஃப்ட்காரர். குரல் உடைந்துவிட்டது. "பதினெட்டு வருஷம் சேத்துல புரண்டு நான் கத்துக்கிட்டதை இவன் பொத்தான்ல வெச்சிருக்கானா?"

அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. நுரை பட்டதாகவும் இருக்கலாம்.

மனைவி பக்கத்துச் சின்னக் கதவு வழியாகத் தெருவில் போய் நின்றாள். ஷோரூம்காரரைப் பின்கதவு வழியாகவே உள்ளே ஏறச் சொன்னாள். இரண்டு கையையும் தூக்கி, இந்தப் பக்கம் அரைச் சுற்று, போதும், நேர், இன்னும் நேர், நில்லு என்று விரலாலேயே காட்டினாள். உறையிலிருந்து கத்தியை உருவுகிற மாதிரி வண்டி கேட்டிலிருந்து வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. ஷோரூம்காரர் இறங்கி வந்து கும்பிட்டார். லிஃப்ட்காரர் இதைக் கவனிக்கவில்லை. திட்டுவதற்கு அடுத்த வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

"சரி, நான் சண்டை போடலை," என்றாள் அவள். "நீங்களே முடிவு பண்ணுங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்த வண்டியைப் பத்தி உங்க வாயால ஒரே ஒரு நல்ல வார்த்தை வந்துச்சுன்னா, ஜீப்பைக் குடுத்துட்டு அதை எடுக்கறோம். வரலைன்னா ஆயுசுக்கும் நான் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

லிஃப்ட்காரருக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பெண்டாட்டி இவ்வளவு விவரம் இல்லாதவளா? நல்ல வார்த்தையா? அவர் வாயிலிருந்தா? சாயங்காலம் வரைக்கும் என்ன, சாகிற வரைக்கும் வராது.

சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பார். வாயைக் கட்டிக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்திருந்தால் போதும். ஆனால் அவருக்கு ஜெயிப்பது மட்டும் போதவில்லை. அந்த வண்டி அவமானப்பட வேண்டும். அதுவும் மற்ற ஆறு பேர் முன்னால்.

"பள்ளத்துக்குக் கொண்டு வா," என்றார் அவளிடம். "நீயே ஓட்டு. பொத்தானை அமுக்கு. எங்கே போகுதுன்னு பாக்கலாம்."

சேற்றில் இறக்கக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருப்பதாக ஷோரூம்காரர் முனகினார். அப்படியானால் பொத்தான் எதற்கு என்று லிஃப்ட்காரர் கேட்டார். ஷோரூம்காரர் மேனேஜருக்கு ஃபோன் போட்டார். மேனேஜரிடமும் பதில் இல்லை. மனைவி வீட்டுக்குள் போய்த் தன் ரப்பர் பூட்ஸை எடுத்துவந்து பெரிய வண்டியின் பின்னால் போட்டாள்.

பள்ளத்தில் மற்ற ஆறு பேரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். பெரிய வண்டியைச் சுற்றி நின்று, துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். கோஷ்டிக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் குனிந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, டயர் எங்கே என்று கேட்டார். ரிம்முக்கு ரப்பரில் பார்டர் அடித்து வைத்திருக்கிறார்களாம். குழாய் வேலை செய்கிறவர் அடியில் எட்டிப் பார்த்து, இந்தப் பம்பர் முதல் மேட்டிலேயே கழன்று கையில் வந்துவிடும் என்றார். இன்னொருவர் உள்ளே தலையை விட்டு, டி.வி. இருக்கிறது, சோபா இருக்கிறது, கட்டில் மட்டும்தான் பாக்கி என்றார். ஒவ்வொருவரும் பேசப் பேச ஒவ்வொருவருக்கும் கோபம் ஏறியது. இந்த மாதிரி வண்டி வந்த பிறகுதான் ஜீப்புக்குப் பாகம் கிடைப்பதில்லை, இந்த மாதிரி வண்டி வந்த பிறகுதான் கடைத்தெருவில் நிறுத்த இடம் இல்லை, இந்த மாதிரி ஆட்கள் வந்துதான் ஏரிக்கரைப் பாதைக்குப் பூட்டுப் போட்டார்கள். மழை சரியாகப் பெய்யாததை மட்டும்தான் யாரும் சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் நடுவில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

முதலில் ஜீப், பின்னால் அது என்று முடிவானது. வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு சரிவு, அடியில் நாற்பது அடி தூரத்துக்குச் சேறு, அப்புறம் எதிர்க்கரையில் ஏற்றம். லிஃப்ட்காரர் கியரைத் தட்டினார். சரிவில் ஜம்மென்று இறங்கினார். சேற்றின் விளிம்புக்கு வந்ததும் வழக்கம்போல நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

எதிரே யாரும் இல்லை.

அந்த இடத்தில் எப்போதும் அவள் நிற்பாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக, ஒவ்வொரு ஞாயிறும், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு முதலில் சேற்றில் இறங்கிக் கம்பால் குத்திப் பார்த்து, எங்கே ஆழம், எங்கே கெட்டி என்று கண்டுபிடித்து, எதிரே நின்று கையைக் காட்டுவாள். இந்தக் கை ஆடினால் இந்தப் பக்கம், அந்தக் கை ஆடினால் அந்தப் பக்கம். இவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், உறுமுவார், கரையேறுவார், கைதட்டு வாங்குவார். அந்தக் கைகள் இப்போது பின்னால் பெரிய வண்டியின் ஸ்டியரிங்கில் இருந்தன.

இறங்கி நடந்து பார்த்திருக்கலாம். அல்லது குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் கை காட்டச் சொல்லியிருக்கலாம். ஏழு பேர் கோஷ்டியில் அதெல்லாம் கௌரவக் குறைச்சல். பதினெட்டு வருஷ அனுபவம் இருக்கிறதே என்று நம்பி இறங்கினார்.

பத்தடி போனார். ஜீப் ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்தது. அழுத்தினார். நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுற்றின. கரையில் நின்ற பல் டாக்டரின் வெள்ளைச் சட்டை வெள்ளையாக இல்லாமல் போனது. இன்னும் அழுத்தினார். ஜீப் கதவு இல்லாத பக்கத்து விளிம்பு வரைக்கும் இறங்கி, அங்கே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. சேறு உள்ளே வந்து அவர் காலைத் தொட்டு விசாரித்தது.

பல் டாக்டர் தன் ஜீப்பைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். சரிவில் அவர் சக்கரமும் வழுக்கியது. இன்னும் இரண்டடி வந்தால் அவரும் உள்ளே போய்விடுவார் என்று ஆனபோது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மரியாதையாக விலகிவிட்டார்.

அப்போதுதான் மனைவி பெரிய வண்டியிலிருந்து இறங்கினாள். பூட்ஸைப் போட்டாள். கம்பை எடுத்தாள். சேற்றில் இறங்கி, குத்திக் குத்திப் பார்த்து, அந்தக் கரை வரை நடந்து திரும்பி வந்தாள். ஜீப்பைத் தாண்டிப் போகும்போது கணவரைப் பார்க்கவே இல்லை. ஏறி உட்கார்ந்தாள், பொத்தானை அமுக்கினாள், ஜீப்புக்கு அப்பால் ஓரமாக, ஆமை நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். பக்கத்து சீட்டில் ஷோரூம்காரர் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டிருந்தார். வண்டி சேற்றைக் கடந்து எதிர்க்கரையில் ஏறி நின்றது. பம்பர் கழன்று கையில் வரவில்லை.

 லிஃப்ட்காரர் சேற்றிலிருந்து எழுந்து நின்று, அது அவள் ஓட்டுகிற ஓட்டு, வண்டிக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது, அவள் மாட்டுவண்டியைக் கொண்டுவந்திருந்தாலும் தாண்டியிருப்பாள் என்று கூவினார். பதினோரு வருஷத்தில் பெண்டாட்டியைப் பற்றி அவர் நாலு பேர் முன்னால் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பந்தயத்தில் அது சேராது.

இன்னும் அவர் தோற்கவில்லை. அது அவருக்கும் தெரியும். ஜீப் சேற்றில் கிடந்தாலும் ஜீப் அவருடையதுதான்.

அவள் கரையில் வண்டியை ஜீப்புக்கு நேராக நிறுத்தினாள். கயிற்றை எடுத்துவந்து ஒரு முனையை அதன் பின்கொக்கியிலும் மறுமுனையை ஜீப்பின் மூக்கிலும் மாட்டினாள். முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நியூட்ரல்ல போடுங்க. ஸ்டியரிங்கை நேரா புடிங்க. வெளிய வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

எனக்குச் சொல்லித்தருகிறாயா என்று அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் நியூட்ரலில் போட்டார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தார்.

அவள் திரும்பிப் போய் வண்டியில் ஏறினாள். கயிறு நிமிர்ந்தது. பெரிய வண்டி நகர்ந்தது. இப்போது அது பாயும், கயிறு வெட்டி இழுக்கும், சக்கரம் வீணாகச் சுற்றிக் கரையைத் தோண்டும், தோண்டட்டும் என்று லிஃப்ட்காரர் ஆவலோடு அதன் பின்சக்கரத்தையே பார்த்தார். அது பாயவில்லை. கயிறு வெட்டவில்லை. சக்கரம் ஒரு விரல் அளவுக்கு வழுக்கும், உடனே தானே தன்னைப் பிடித்துக்கொள்ளும், மறுபடி நிதானமாக உருளும். எத்தனையோ பேர் தன்னை இழுத்து அவர் பார்த்திருக்கிறார். எத்தனையோ பேரை அவரே இழுத்திருக்கிறார். முதுகெலும்பு கழன்றுவிடாத இழுவை என்று ஒன்றை அவர் பார்த்ததே கிடையாது. இருபத்தாறு வயது ஜீப், சேற்றோடு, அவரோடு, தொட்டிலிலிருந்து தூக்கின பிள்ளை மாதிரி மெதுவாக மேலே வந்தது. பாதி ஏற்றத்தில் லிஃப்ட்காரர் தன்னை மறந்தார். பொறாமை போய்விட்டது, கோபம் போய்விட்டது, பந்தயமும் போய்விட்டது. லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற மனுஷனுக்குக் குலுங்காமல் ஒரு பொருள் மேலே ஏறுவதைப் பார்த்தால் வேறு எதுவும் நினைவில் நிற்காது.

"அடேயப்பா," என்றார், ஏழு வண்டிக்கும் கேட்கும்படி. "என்னமா இழுக்குது இது."

ஷோரூம்காரர் சேற்றில் இறங்கியதிலிருந்து முதல் தடவையாகக் கண்ணைத் திறந்தார். பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். குழாய்க்காரர், ஒரு சாவு செய்தியைக் கேட்டவர் மாதிரி, தொப்பியைக் கழற்றினார்.

ஜீப் கரையேறி நின்றது. மனைவி இறங்கி வந்து குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி இன்னும் விடவில்லை. நேராகத்தான் பிடித்திருந்தார்.

"முதல் ரெண்டையும் ஒழுங்காத்தானே செஞ்சீங்க," என்றாள் அவள். "மூணாவதா சொன்னேனே, வாயைத் திறக்காதீங்கன்னு."