சைகோனுக்குக் கட்டிய பெட்டி

"ஹவ் இஸ் யுவர் கவ், முசே சுப்ராயன்?"

அடுத்த மேஜை ஹமீது, இங்கிலீஷோடு ஒரு பிரெஞ்சு மரியாதையும் சேர்த்து இப்படிக் கேட்டதும் சுப்ராயனின் பேனா சரக்குப் பதிவேட்டின் நடுவில் ஒரு மைக்குளம் வெட்டியது.

சுப்ராயனிடம் பசு கிடையாது. கன்றும் கிடையாது. அந்தப் பசு உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த ஆங்கில முதல் புத்தகத்தில், மூன்றாம் பாடத்தில்.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. ஜெய்னுலாபுதீன் மரைக்காயரின் கப்பல் ஏஜென்சியில் பதினைந்து வருஷமாக பிரெஞ்சில் கடிதம் எழுதியவர் சுப்ராயன். தலைமைக் குமாஸ்தா பிரான்சுக்குக் கப்பலேறிவிட, அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. இனிமேல் கடிதம் எல்லாம் சென்னைக்கு, இங்கிலீஷில். ஹமீதோ நாகப்பட்டினத்தில் இங்கிலீஷ் படித்தவன், வயதில் பத்து வருஷம் சின்னவன், மீசையில் தைலம் வேறு. நாற்காலி யாருக்கு என்று மாதக் கடைசியில் சொல்வதாக மரைக்காயர் சொல்லியிருந்தார்.

அதனால்தான் அந்த ரகசியப் படிப்பு. அதை அறிந்த ஜீவன் ஒன்றே ஒன்று. சுப்ராயனின் மனைவி அஞ்சுகம். அடுப்படியில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடம் கேட்டவள் அவள்தான். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் அவர் ஒரு பிழையும் விடாமல் ஒப்பித்து வந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்.

"இந்தா, பசு விஷயத்தை யார்கிட்ட சொன்ன?"

'இந்தா' என்றால் அஞ்சுகம். பதினோரு வருஷமாக வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். எங்கள் தெருவில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆண்பிள்ளை அப்போது யாரும் இல்லைதான். ஆனாலும் மற்றவர்கள் ஒரு 'ம்மா'வாவது சேர்த்துக்கொள்வார்கள்.

"எந்தப் பசு? பால்காரன் பசுவா?"

"மூணாம் பாடத்துப் பசு!"

"அதை நான் யார்கிட்டங்க சொல்லப்போறேன்? அது கறக்கக்கூட இல்லையே."

சுப்ராயன் சிரிக்கவில்லை. அஞ்சுகம் காபியை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "முன்ன மாதிரி மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வாங்களேன். அடுக்குல அனுப்புற சோறு ஆறிப்போவுது."

பிரெஞ்சுக் காலத்தில் பன்னிரண்டு அடித்தால் ஊரே கதவைச் சாத்தும், மூன்றுக்குத்தான் திறக்கும். மரைக்காயரும் அப்படித்தான் நடத்தினார். இப்போது சென்னைக்காரர்கள் மாதிரி பத்து முதல் ஐந்து வரை, நடுவில் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் இடைவெளி. அந்த மூன்று மணி நேரம் போனதிலிருந்து அஞ்சுகம் பன்னிரண்டு மணிக்கு வாசற்படிக்கு வருவதும், தெருவின் கோடி வரை பார்ப்பதும், உள்ளே போவதுமாக இருந்தாள். பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்க்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை.

"ஆபீஸ்ல மூச்சு விட நேரமில்ல. நான் எந்திரிச்சா அந்த ஹமீது என் நாற்காலியையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிடுவான்."

இது பாதி உண்மை. சாப்பிட்ட பின் சுப்ராயன் பதிவேட்டின் மேல் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் ஆழ்ந்து யோசிப்பதுண்டு. மரைக்காயர் அப்போது வீட்டில் இருப்பார். மற்றவர்கள் அந்த யோசனைக்கு மிகுந்த மரியாதை கொடுத்தார்கள். யாராவது இருமினால்கூட பியூன் அல்லா பிச்சை உதட்டில் விரல் வைத்து அடக்கிவிடுவார்.

"மத்தியானம் வந்தப்பெல்லாம் எவ்வளவு நல்லாப் பேசுவீங்க" என்றாள் அஞ்சுகம்.

"நானா? பேசினேனா?"

அவள் ஏதோ சொல்ல வந்து, வெட்கப்பட்டுச் சிரித்து, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சுப்ராயன் அந்தச் சிரிப்பை மனதில் குறித்துக்கொண்டார். குற்றவாளியின் சிரிப்பு என்று.

இரவெல்லாம் துப்பறிந்து, வழியைக் கண்டுபிடித்தார். திருவேட்டக்குடியிலிருந்து மீன் கூடையோடு வரும் மாரிக்கண்ணு! முதலில் இந்த வீடு, அடுத்தது ஹமீதின் வீடு. இங்கே வாங்குவதை அங்கே போய் ஹமீதின் மனைவி நபீசாவிடம் இறக்குகிறாள்.

காலையில் மாரிக்கண்ணு கூடையை இறக்கும் முன்பே சுப்ராயன் குறுக்கே நின்றார்.

"இனிமே இந்த வாசல்ல கூடை எறங்கக் கூடாது."

"ஏன் சாமி, மீனு நாறுதா?"

"சேதி நாறுது."

மாரிக்கண்ணு கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே அஞ்சுகத்தைப் பார்த்தாள். "ஆத்தா, சாமிக்கு மண்டை சூடாயிருக்கு, வைத்தியருக்கு வேணா ரெண்டு கெளுத்தி கொடுத்துட்டுப் போகட்டா?"

அன்றிலிருந்து கத்தரிக்காய். மறுநாளும் கத்தரிக்காய். மூன்றாம் நாள் கத்தரிக்காயைப் பார்த்தபடி சுப்ராயன் தைரியமாகத் தன் அடுத்த திட்டத்தைச் சொன்னார். சேதி ஓடிய வாய்க்கால்தான் அடைபட்டாயிற்றே! மரைக்காயருக்கு நுங்கு என்றால் உயிர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வேர்த்து வரும் நேரத்தில், விழிதியூர் மாமனார் மரத்து இளநுங்கை ஒரு கூடை கொண்டுபோய் வைப்பது.

"அப்பாகிட்ட சொல்லியனுப்புறேங்க" என்றாள் அஞ்சுகம். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவர் அவளிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியே மூன்று நாள் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஹமீது இரண்டு கூடை நுங்கோடு முதலாளி அறைக்குள் போனான்.

வெள்ளிக்கிழமை சுப்ராயனின் கூடையைப் பார்த்து மரைக்காயர் வயிற்றைத் தடவினார். "அட, நீருமா? நேத்து தின்னதே இன்னும் எறங்கல. அல்லா பிச்சை, எடுத்துட்டுப் போய் எல்லாருக்கும் கொடும்."

ஹமீது நாலு நுங்கு தின்றான். "இளசா இருக்குண்ணே" என்றான்.

மீன்காரி இல்லை. வேறு வழியில்லை. ஆகவே சாட்சாத் அஞ்சுகமே! சுப்ராயன் வீட்டில் வாயைப் பூட்டிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவார். ரசம் என்றால் விரலைச் சாய்ப்பார். ஆபீஸ் போகும் முன் பெட்டியின் பூட்டில் ஒரு நூலைச் சுற்றி வைத்துவிட்டுப் போய், வந்ததும் நூல் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார். அஞ்சுகம் கோலம் போடக் குனிந்தால்கூட, அந்தப் புள்ளிகளில் ஏதாவது சங்கேதம் இருக்குமோ என்று ஜன்னல் வழியே எண்ணுவார்.

ஆறாம் நாள் அவள் தாளமுடியாமல் கேட்டாள். "என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிட்டுப் பேசாம இருங்களேன்."

விரலை ஆட்டினார்.

"மத்தியானம் நீங்க வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தவரைக்கும் என் பேரு எனக்கு ஞாபகம் இருந்துச்சு. இப்ப அதுவும் மறந்துபோச்சு."

சுப்ராயன் பேசாவிரதத்தைக் கலைத்தார். "பேரு மறந்துபோச்சா? சோத்துல கொஞ்சம் வல்லாரை சேத்துக்க."

இந்த இடத்தில்தான் அவருக்கு அந்த மகா யோசனை வந்தது. பொறி வைப்பது. ஒரு பொய்யைச் சொல்வது, உலகத்தில் அவளிடம் மட்டும். அது ஆபீசுக்கு வந்தால் அவளேதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "இந்தா, யார்கிட்டயும் மூச்சு விடாத. நான் வேலையை விடப்போறேன். சைகோன்ல என் ஒண்ணுவிட்ட அண்ணன் கடையில சேரப்போறேன். அடுத்த மாசக் கப்பல்."

அஞ்சுகம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நானும் வரலாமா?" என்று கேட்டாள்.

சுப்ராயன் இந்தக் கேள்விக்குப் பொய் தயாரித்து வைத்திருக்கவில்லை. "ம்" என்றார்.

அன்று காலை முழுக்க, சொன்னது சரியாக வந்ததா, குரல் நடுங்கியதா என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். மத்தியானம் கத்தரிக்காய்ச் சோறு. பதிவேட்டின் மேல் வழக்கமான யோசனை. மூன்றரைக்கு மரைக்காயர் கூப்பிட்டனுப்பினார்.

"என்ன சுப்ராயன், சைகோனுக்குப் போறீராமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? பதினஞ்சு வருஷம் ஒண்ணா உப்புத் தின்னிருக்கோம்." கணக்குப் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். "சரி, போறவரைத் தடுக்கக் கூடாது. அங்க என் மச்சான் இருக்கான். ஒரு பொட்டி கருவாடு தர்றேன், கொண்டுபோய்க் கொடும். தலைமைக் குமாஸ்தா வேலையை ஹமீதுக்கே சொல்லிட்டேன். உமக்கும் அந்தக் கவலை விட்டுது பாரும்."

பெண்டாட்டிக்கு வைத்த பொறி என்று முதலாளியிடம் சொல்ல முடியுமா? சுப்ராயன் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தார்.

நடுக்கூடத்தில் தகரப்பெட்டி திறந்திருந்தது. கல்யாணப் புடவை, அவருடைய இரண்டு நல்ல வேட்டி, ஊறுகாய் ஜாடி, மேலே ஆங்கில முதல் புத்தகம். அஞ்சுகம் பூ வைத்திருந்தாள்.

"கப்பல்ல புளிச்சோறு கெடாதுன்னாங்க..."

"யாரு சொன்னாங்க? யார்கிட்ட கேட்ட?"

"யார்கிட்டயும் கேக்கலைங்க. எங்கப்பா எப்பவோ சொன்னதுங்க."

"பொய்! காலைல எட்டு மணிக்கு உன்கிட்ட மட்டும் சொன்னது, மூணரைக்கு முதலாளி வாயில வருது! சைகோனும் இல்ல, அண்ணனும் இல்ல. உன்னைப் பிடிக்க நான் வெச்ச பொறி அது!"

தெருவில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. சுவர் அவ்வளவு மெல்லியது.

அஞ்சுகம் சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் தலையில் இருந்த பூவை எடுத்துச் சாமிப் படத்துக்கு வைத்தாள். பெட்டியிலிருந்து அவருடைய வேட்டிகள் இரண்டையும் எடுத்து மடித்துக் கொடியில் போட்டாள். புத்தகத்தை அரிசிப் பானைக்குள் வைத்தாள். பெட்டியைப் பூட்டினாள்.

"கப்பலேறிடலாம்னு நம்பினேன் பாருங்க. என்னைச் சொல்லணும்" என்றாள்.

சைகோனுக்குக் கட்டிய பெட்டி மாட்டு வண்டியில் விழிதியூருக்குப் போயிற்று.

விழிதியூர் ஒன்றும் கடல் தாண்டிய ஊரல்ல. நடந்தால் ஒரு பொழுது. ஆனால் சுப்ராயனுக்கு அந்த நாலு நாளும் அது சைகோனைவிடத் தூரமாகத் தெரிந்தது. கதவைத் திறந்ததும் 'இந்தா' என்பார். கூடம் திருப்பிச் சொல்லும். செம்பைக் காட்டுவார், செம்பு அங்கேயே இருக்கும். தானே வடித்த சோறு கஞ்சிக்கும் களிக்கும் நடுவில் நின்றது. வாசலில் அவரே நாலு புள்ளி வைத்துப் பார்த்தார். அது கோலமாகவும் ஆகவில்லை, சங்கேதமாகவும் ஆகவில்லை. மாரிக்கண்ணுவை வலியப் போய்க் கூப்பிட்டார். அவள், "பேசறதுக்கே ஆளில்லாத வீட்டுல மீனு எதுக்கு சாமி?" என்று போய்விட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதி. இனி ஆபீசுக்கு ஒரு சேதியும் போகாது.

இரண்டாம் நாள் மத்தியானம் ஹமீது ஓர் அடுக்கை அவர் மேஜையில் வைத்தான். "நபீசா கொடுத்தனுப்பிச்சா. நெய்ச்சோறு, தாளிச்சாக் குழம்பு. நீங்க வடிச்ச சோறு குழஞ்சுபோச்சாமேண்ணே."

சோறு குழைந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோற்றுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. வீட்டுக்குப் போய் ஒற்றன் எவனாவது இருக்கிறானா என்று அரிசிப் பானைக்குள்ளும் தேடிப் பார்த்தார். ஆனால் நெய்ச்சோற்றை மிச்சம் வைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாம் நாள் காலை, தலைமைக் குமாஸ்தா நாற்காலியில் ஹமீது முதல் தடவையாக உட்கார்ந்தான். முதல் உத்தரவை எழுதினான். மரைக்காயரிடம் கையெழுத்து வாங்கினான். சுப்ராயன் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல் அல்லா பிச்சையிடம் கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டான்.

சுப்ராயன் படித்தார். இனிமேல் சுப்ராயன் மட்டும் தினமும் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மூன்று மணிக்கு முன் அலுவலகத்துக்குள் நுழையக் கூடாது.

காகிதத்தை அல்லா பிச்சையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீரா அல்லா பிச்சை! நாற்காலியைப் பிடுங்கினான், வீட்டைக் கலைச்சான், இப்ப ஆபீஸை விட்டே விரட்டுறான். எப்படிய்யா தெரியுது இவனுக்கு எல்லாம்? பசு தெரியுது, நுங்கு தெரியுது, சைகோன் தெரியுது, என் சோறு குழஞ்சது தெரியுது! வீட்டுல இப்ப பொண்டாட்டி கூட இல்ல. யாருய்யா சொல்றது?"

அல்லா பிச்சை தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்கதாங்க. மத்தியானம் சாப்பிட்டுத் தலையைச் சாச்சதும் தூக்கத்துல கடகடன்னு எல்லாம் சொல்லிடுவீங்க. நாங்களும் இத்தினி நாளா வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டோம், பொய் சொல்லப்படாது. ஆனா நாலு நாளா, 'அஞ்சுகம், அஞ்சுகம், இங்க வந்து பக்கத்துல உக்காரு'ன்னு ஆரம்பிச்சு நீங்க பேசுறீங்களே, அதை நாம கேக்குறது பாவம், விழிதியூர்லேருந்து வந்து கேக்கவேண்டியவங்க கேக்கட்டும்னு ஹமீது தம்பி எழுதிட்டாருங்க."