முக்கால்வாசி இருந்தால் போதும்

'நான் இருக்கிறேனா?' என்று உலகம் தோன்றிய நாள் முதல் மனித குலத்தை வாட்டி வந்த கேள்விக்கு எங்கள் கல்லூரி இறுதி விடை கண்டுவிட்டது. விடை வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நம்பாதவர்கள் அலுவலக நேரத்தில் வந்து பார்க்கலாம்.

இந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம் என் வகுப்புத் தோழி. பட்டப்பெயர் 'சந்தேகம்'. தத்துவ வகுப்பின் முதல் நாளில் பேராசிரியர், "நிரூபிக்காத எதையும் வாயால சொல்லாதீங்க. நீங்க இருக்கீங்கங்கறதையும் சேர்த்துத்தான்" என்று அருளினார். நாற்பது பேர் அதைக் குறிப்பெடுத்தோம். அவள் ஒருத்திதான் நம்பித் தொலைத்தாள்.

மறுநாள் பேராசிரியர் ஏட்டைத் திறந்தார்.

"பன்னெண்டு!"

"அது இன்னும் நிரூபணமாகலைய்யா" என்றாள், முதல் பெஞ்சிலிருந்து.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். பிறகு, 'வரவில்லை' என்று குறித்தார்.

"பதிமூணு!"

"உள்ளேன் ஐயா" என்று கணீரென ஒலித்தது. பதிமூன்று, தாளாளரின் மகன். முகத்தை யாரும் பார்த்ததில்லை; வருகை நூற்றுக்கு நூறு.

ஆண்டு முழுவதும் இப்படியே போயிற்று. முக்கால்வாசி நாளாவது வராதவர் தேர்வெழுதக் கூடாது. ஒரு நாள்கூட விடுப்பெடுக்காத சந்தேகம், ஏட்டின்படி ஒரு நாளும் வரவில்லை.

"இந்த வருஷம் போச்சுன்னா வீட்ல திரும்பப் படிக்க அனுப்ப மாட்டாங்க சார்" என்று முதல்வரிடம் மனுக் கொடுத்தாள். உடனே 'இருப்பு விசாரணைக் குழு' கூடியது. எங்கள் குடும்ப ஜவுளிக்கடையில் இருப்பு என்றால் அலமாரியில் இருப்பது. உயர்கல்வியில் ஏட்டில் இருப்பது.

மாணவர் பிரதிநிதியாக நானும் அழைக்கப்பட்டிருந்தேன்.

"சார், முழுசா இருக்கேன்னு இவ சொல்ல மாட்டா. விதிப்படி முக்கால்வாசி இருந்தாலே போதுமே! பேசி முடிச்சுடலாம்" என்றேன்.

முதல்வர் மலர்ந்தார். "ஏம்மா, எழுபத்தஞ்சு?"

"அம்பது வேணா யோசிக்கிறேன் சார்."

"எழுபது. உனக்காக."

"அறுபது. அதுக்கு மேல மனசாட்சிக்குக் கட்டுப்படியாகாது."

பேரம் படியவில்லை. இல்லாதவர் கொடுத்த மனு செல்லாது என்று முதல்வர் தீர்ப்பளித்தார்.

"அப்ப இவ்வளவு நேரம் யார்கிட்ட சார் பேசுனீங்க?" என்று கேட்டாள் சந்தேகம்.

'மனுதாரர் விசாரணைக்கு வரவில்லை' என்று முதல்வர் எழுதிக் கையெழுத்திட்டார்.

தேர்வு நாளன்று கூடத்தின் வாசலில் நின்றிருந்தாள்.

"எனக்குத்தான் சொல்ல வரலை. வருஷம் பூரா என் பின்னாடிதானேடா உக்காந்திருந்தே? அவ்வளவு பேரம் பேசுனியே, 'இவ தினம் வந்தா, நான் பார்த்தேன்'னு ஒரு வார்த்தை சொன்னியா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் அழைத்தார்.

"பதிமூணு!"

"உள்ளேன் ஐயா" என்றேன்.

என் எண் பதினான்கு.