வாலறுந்த பன்றியும் வெட்டுப்பட்ட வெற்றிலைக் கொடியும்

மௌபிஸ்ஸி,
செவ்வாய்க்கிழமை.

தலைநகர் திலியில் போலீஸ் எழுத்தராக இருக்கும் அன்பு மாப்பிள்ளை அனிசேட்டுவுக்கு, உன் அக்காள் புருஷன் வெனான்சியு வாத்தியார் எழுதுவது. இங்கே உன் அக்காளும் என் மூட்டுவலியும் சௌக்கியம். உங்கள் சுகத்துக்கு மாதா துணையிருக்கட்டும்.

போன வாரம் நான் அனுப்பிய புகாரை உடனே கிழித்துப் போடு. பக்கத்து வீட்டு பிலொமேனு என் வெற்றிலைக் கொடியை வெட்டிவிட்டான், அவனை உள்ளே தள்ளு என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதற்கு முந்தின நாள் அவன் பன்றியின் வாலை நான் கொஞ்சம் நறுக்கியதை எழுத விட்டுப்போயிற்று. பன்றி என் சர்க்கரைவள்ளிக் கிழங்கையெல்லாம் தோண்டித் தின்றதே, அது மட்டும் நியாயமா?

அதற்குள் ஊரில் வழக்கைப் பேசித் தீர்க்கப் பாய் விரித்துவிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் என் கட்சியைச் சொல்லிவிட்டு வரலாம் என்று பிளாஸ்டிக் நாற்காலியோடு போனேன். வழக்குப் பேசும் பெரியவர் அலெய்ஷு என் நாற்காலியையே பார்த்தார். "நாக்காலிக்கு ஒரு வழக்கும் இல்லியே, அது வீட்டுக்குப் போவட்டும். நீ உக்காருப்பா" என்றார். உட்கார்ந்தேன். விஷயம் தீராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாதே, முட்டி கதறக் கதற மத்தியானம்வரை நான் கிழங்கைப் பற்றியே பேசினேன். அப்புறம் பிலொமேனு வாய் திறந்தான்: "வாலு போனா போவுது வாத்தியாரே. எம்மவன் செத்தப்ப மூணு நாளு எங்கூடவே கெடந்த ஆளு நீங்க. என்னியக் கூப்பிட்டு நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா? கத்தியத் தூக்கிட்டீங்களே!" மாப்பிள்ளை, நான் கிழங்கை விட்டுவிட்டேன். "எம்மேலதான்டா தப்பு" என்றேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதைச் சொல்லவைத்த வாய், தானாகச் சொன்னது அன்றுதான். அவனும் அழுதுகொண்டே, புதுக்கொடி நட்டுத் தருகிறேன் என்றான்.

சமாதானத்துக்கு ஒருவருக்கொருவர் வெற்றிலை கொடுக்கவேண்டும். என்னிடம் ஏது? அவன் பையிலிருந்து எடுத்துத் தந்து, "கூச்சப்படாம குடுங்க, ஒங்க கொடியில வெட்டுனதுதான்" என்றான். ஊரே சிரித்தது. உன் ஸ்டேஷன் அவனைப் பிடித்து அடைத்திருக்கும் மாப்பிள்ளை. இந்தப் பாய் அவனை எனக்குத் திருப்பித் தந்துவிட்டது. இத்தனை வயதில் இப்படியொரு நீதியை நான் கண்டதே இல்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
வெனான்சியு

பி.கு.: பிலொமேனு காப்பிக்கொட்டை விற்கத் திலிக்கு வருவதால் அவனிடமே இதைக் கொடுத்தனுப்ப இருந்தேன். வாசித்துக் காட்டச் சொன்னான், காட்டினேன். "கொஞ்சம் நறுக்குனீங்களா? முழு வாலும்ல போச்சு!" என்று குதிக்கிறான். பஸ்ஸையும் விட்டுவிட்டான். அடுத்த வாரம் மறுபடியும் பாய். ஆகவே புகாரைக் கிழித்துவிடாதே, இங்கே அனுப்பிவை. விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து, எல்லோர் முன்னாலும் நானே அதை வாசிக்கவேண்டுமாம்.